கூட்டத்திற்கு யார் வருகிறார்கள்? யார் வருவதில்லை?

வழக்கமாக இந்த அரங்கில் மற்றவர்களைப் பேசவிட்டு, "நேரமாகிவிட்டது ஐயா" என்று இடையில் குறுக்கிடுபவள் நான். இன்று என்னையே பேசச் சொல்லிவிட்டார்கள். "பொதுப்பணி என்பது வசதி படைத்தவர்களுக்கு மட்டுமா?" என்ற தலைப்பை ஏற்பாட்டாளர்கள் சொன்னவுடன் எனக்கு டத்தோ கிராமாட்டில் நான் வளர்ந்த அடுக்குமாடி வீடுதான் நினைவுக்கு வந்தது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பொதுமக்கள் தொடர்பியல் டிப்ளோமா படித்த காலத்தில் எங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். ஐம்பது பேரைச் சந்தித்து ஒரு படிவத்தைப் பூர்த்தி செய்துகொண்டு வரவேண்டும். அதில் ஒரு கேள்வி: "நீங்கள் ஏதாவது ஒரு சங்கத்தில் உறுப்பினரா?" எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் இருந்த லோரி ஓட்டுநர் மாமாவிடம் கேட்டேன். "நமக்கு சங்கம் கிங்கமெல்லாம் தெரியாதும்மா. அதெல்லாம் படிச்சவங்க வேலை" என்றார். நானும் 'இல்லை' என்ற கட்டத்தில் ஒரு சரி போட்டுவிட்டுப் போனேன். அந்தப் படிவத்துக்கு எனக்கு நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது.

அந்த மாமா யார் தெரியுமா? எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து தைப்பூசத்திற்குத் தண்ணீர்ப்பந்தல் போடுபவர். பந்தலுக்கு மாநகர் மன்றத்தில் அனுமதி வாங்குவது, சந்தா சேர்ப்பது, நாற்பது பேருக்கு வேலை பிரித்துக் கொடுப்பது, மோர், கடலை, மீகூன் என்று யார் எதைப் பார்ப்பது, இரவுக் காவலுக்கு யார், விடிந்ததும் குப்பை அள்ள யார் என்று எல்லாம் அவர் தலையில். வெள்ளி இரதம் டத்தோ கிராமாட் சாலை வழியாக வரும்போது அதன் பின்னால் வரும் கூட்டத்தில் எத்தனை ஆயிரம் பேர் அந்தப் பந்தலில் கை நனைத்திருப்பார்கள்! என் படிவத்தின்படி அவர் எந்தப் பொதுக் காரியத்திலும் ஈடுபடாதவர்.

பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது, தப்பு மாமாவிடம் இல்லை, என் கேள்வியில் இருந்தது என்று.

சரி, படிவத்தை விடுங்கள். படிவத்தில் தப்பு நடந்தால் மதிப்பெண் போகும், அவ்வளவுதான். வேறோர் இடத்தில் அதே தப்பு நடந்தபோது எங்கள் கட்டடத்துக்காரர்கள் ஓர் இடத்தையே இழக்கப் பார்த்தார்கள்.

எங்கள் அடுக்குமாடியின் தரைத்தளத்தில் ஒரு திறந்த இடம் உண்டு. பிள்ளைகளுக்கு விளையாட்டு அங்கேதான். பொங்கல் வைப்பது அங்கேதான். ஒரு வீட்டில் துக்கம் என்றால் நாற்காலி போடுவதும், பதினாறாம் நாள் காரியம் செய்வதும் அங்கேதான். மூன்று அறை வீட்டில் நூறு பேரை எங்கே உட்கார வைப்பது? ஒரு நாள் அறிவிப்புப் பலகையில் ஆங்கிலத்தில் ஒரு தாள் ஒட்டினார்கள். நிர்வாகக் கழகத்தின் ஆண்டுக் கூட்டம், சனிக்கிழமை மதியம் இரண்டு மணி. நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவதாக ஒரு தீர்மானம்: அந்த இடத்தைக் கார் நிறுத்துமிடமாக மாற்றி வாடகைக்கு விடுவது.

ஏறக்குறைய நூற்றெண்பது வீடுகள். கூட்டத்திற்கு வந்தவர்கள் பத்தொன்பது பேர். தீர்மானம் நிறைவேறியது.

அது எப்படிச் செல்லும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். செல்லும். 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் பினாங்கில் 2015ஆம் ஆண்டு முதல் நடப்பில் உள்ளது. வாக்களிக்கத் தகுதி உள்ளவர்களில் பாதிப் பேர் வந்தால்தான் கூட்டம் நடத்தலாம் என்று அது சொல்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? அடுத்த வரியையும் படிக்க வேண்டும். அரை மணி நேரம் காத்திருந்தும் பாதிப் பேர் வராவிட்டால், வந்தவர்களே போதும். வாக்களிக்கத் தகுதி யாருக்கு? வீட்டு உரிமையாளருக்கு. வாடகைக்கு இருப்பவருக்கு இல்லை. உரிமையாளராக இருந்தாலும் பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்திருந்தால் வாக்கு இல்லை.

இந்தச் சட்டத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. கட்டணம் கட்டாதவர்களால் மின்தூக்கி பழுதாகி நிற்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள். யாருக்குப் பாக்கி விழுகிறது? வேலை போனவருக்கு, கணவர் இறந்துபோன அம்மாவுக்கு. அந்தத் திறந்த இடம் யாருக்கு அதிகம் தேவை? அவர்களுக்குத்தான். மண்டபம் எடுக்க முடிந்தவர்களுக்கு அது தேவையே இல்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்தக் கூட்டத்திற்கு நானும் போகவில்லை. எங்கள் வீடு என் பெயரில்தான் இருக்கிறது, பாக்கியும் இல்லை. மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுந்து பேச எனக்குக் கூச்சம் கிடையாது, அதுதானே என் பிழைப்பு. அன்று நான் வேறோர் ஊரில் ஓர் அரங்கில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, 'சமுதாய விழிப்புணர்வு' பற்றிய நிகழ்ச்சியை வழிநடத்திக் கொண்டிருந்தேன்.

மக்கள் ஏன் பொதுக் காரியங்களுக்கு வருவதில்லை என்று அமெரிக்காவில் சிட்னி வெர்பா என்ற அரசியல் அறிஞரும் அவருடைய இரு கூட்டாளிகளும் ஆராய்ந்து 1995இல் ஒரு நூல் எழுதினார்கள். அவர்கள் கண்ட காரணங்கள் மூன்று. வர முடியாது. வர விருப்பமில்லை. யாரும் கூப்பிடவில்லை. நம்மவர்கள் மேடையில் ஏறினால் இரண்டாவதை மட்டும்தான் பேசுவோம். "நம் மக்களுக்கு அக்கறை இல்லை, தொலைக்காட்சித் தொடர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்" என்போம். கைத்தட்டலும் கிடைக்கும்.

முதல் காரணத்தைப் பாருங்கள். 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப மண்டலம் தொடங்கியபோது வந்த முதல் எட்டு நிறுவனங்களை 'எட்டு சாமுராய்கள்' என்று இன்றும் சொல்வார்கள். அவற்றில் ஹித்தாச்சி, கிளாரியன் இரண்டும் ஜப்பானிய நிறுவனங்கள். அதன் பிறகு பினாங்குப் பெண்களில் எத்தனை பேர் தொழிற்சாலை பேருந்தில் ஏறினார்கள்! என் அம்மாவும் ஏறினார். காலை ஷிப்டு, மாலை ஷிப்டு, இரவு ஷிப்டு. ஒரு வாரம் தூங்கும் நேரம் அடுத்த வாரம் வேலை நேரம். பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் என்றால் அம்மாவின் முதல் கேள்வி "எந்த ஷிப்டில் வருது?" என்பதுதான். அப்பா நகராண்மைக் கழகத்தின் குப்பை லோரியில் வேலை செய்தார். விடியற்காலை நான்கு மணிக்கு எழுபவர் இரவு எட்டரை மணிக் கூட்டத்தில் கொட்டாவி விட்டால் அதை அக்கறையின்மை என்று எழுதலாமா?

எழுதுவது, பேசுவது, அறிக்கை படிப்பது இவையெல்லாம் பழக்கம். அலுவலகத்தில் வேலை செய்பவருக்கு அந்தப் பழக்கத்தைச் சம்பளம் கொடுத்துக் கற்றுத் தருகிறார்கள். இயந்திரத்தின் முன் எட்டு மணி நேரம் நிற்பவருக்கு யார் கற்றுத் தருகிறார்கள்? தொழிற்சங்கங்கள் ஒரு காலத்தில் அந்த வேலையைச் செய்தன. கோயில் நிர்வாகக் குழுக்களும் ஓரளவு செய்கின்றன, சண்டை போட்டுக்கொண்டாவது.

ஜப்பானைப் பற்றி ஒரு வார்த்தை சொல்கிறேன். நம் மேடைகளில் ஜப்பான்காரன் என்றால் ஒற்றுமைக்கும் ஒழுங்குக்கும் எடுத்துக்காட்டு. 1970களில் அவர்களே தங்களைப் பற்றி 'பத்துக் கோடிப் பேரும் நடுத்தர வர்க்கம்' என்று சொல்லிக்கொண்டார்கள். அங்கே தெருவுக்குத் தெரு, குடியிருப்புக்குக் குடியிருப்பு ஓர் அமைப்பு உண்டு, 'ச்சோனாய்காய்' என்று பெயர். நாடு முழுவதும் ஏறக்குறைய மூன்று லட்சம் இருக்கின்றன. நம் ருக்குன் தெத்தாங்கா போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அங்கே தனி ஆள் உறுப்பினர் இல்லை, வீடுதான் உறுப்பினர். குப்பை போடும் இடத்தைச் சுத்தம் செய்வது முதல் கோயில் திருவிழா, தீ விபத்துப் பயிற்சி வரை அதன் பொறுப்பு. முறை வைத்துச் செய்கிறார்கள். இந்த ஆண்டு உங்கள் வீட்டு முறை என்றால் மேலாளராக இருந்தாலும் சரி, லோரி ஓட்டுநராக இருந்தாலும் சரி, செய்தாக வேண்டும்.

இதற்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. போர்க்காலத்தில் அரசாங்கம் இந்த அமைப்புகளை மக்களைக் கண்காணிக்கப் பயன்படுத்தியது. அதனால் 1947இல் ஆக்கிரமிப்பு நிர்வாகம் தடை செய்து, 1952க்குப் பிறகு மறுபடியும் தலையெடுத்தன. ஜப்பானியர் ஆட்சியில் இங்கேயும் 'ஜிக்கேடான்' என்று தெருக் காவல் வைத்தது நம் பாட்டி தாத்தாக்களுக்குத் தெரியும்.

அங்கே வர்க்க வேறுபாடு இல்லையா என்றால், இருக்கிறது. முறை வைத்துக் குப்பையிடம் கூட்டுவது எல்லா வீட்டுக்கும் உண்டு. தலைவர் நாற்காலியில் உட்காருவது யார்? பெரும்பாலும் வயதான ஆண்கள். தெருவில் கடை வைத்திருப்பவர், நிலம் வைத்திருப்பவர், ஓய்வு பெற்றவர். சம்பளத்துக்கு வேலை செய்பவர் இரவு வெகுநேரம் கழித்து வீடு திரும்புவார், கூட்டத்துக்கு மனைவி போவார். பள்ளிப் பெற்றோர் சங்கம் பெரும்பாலும் தாய்மார்களின் தலையில் விழுந்தது, அதுவும் வேலை நாளில், பகல் நேரத்தில். வேலைக்குப் போகும் தாய் என்ன செய்வார்? இப்போது அங்கே சம்பளத்துக்கு வேலை செய்வோரில் மூன்றில் ஒருவருக்கும் அதிகமானோர் நிரந்தரமற்ற வேலையில் இருக்கிறார்கள். வாடகை வீட்டில் ஒண்டியாக இருக்கும் இளைஞர் ச்சோனாய்காயில் சேருவதே குறைவு. 1995 ஜனவரி 17இல் கோபே நிலநடுக்கம் வந்தது, 6,400 பேருக்கு மேல் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உதவி செய்ய ஓடி வந்தார்கள். அந்த ஆண்டையே 'தொண்டின் முதல் ஆண்டு' என்றார்கள். 1998இல் அவர்களுக்காகத் தனிச் சட்டமும் வந்தது. ஆபத்து என்றால் வருவதற்கும், மாதா மாதம் கூட்டத்திற்கு வருவதற்கும் உள்ள இடைவெளி நமக்கு மட்டும் உரியதில்லை.

ஆனால் அவர்களிடம் ஒரு சின்னப் பொருள் எனக்குப் பிடித்திருக்கிறது. 'கைரன்பான்' என்று ஓர் அட்டை. அறிவிப்பை அதில் செருகி முதல் வீட்டில் கொடுப்பார்கள். படித்துவிட்டு முத்திரை குத்தி அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். பலகையில் ஒட்டிவிட்டு "அறிவித்துவிட்டோம்" என்று கை கழுவ முடியாது. கதவைத் தட்டியே ஆக வேண்டும். வெர்பா சொன்ன மூன்றாவது காரணத்துக்கு, அதாவது யாரும் கூப்பிடவில்லை என்பதற்கு, இது மருந்து. இந்த அட்டையைப் பற்றி மறுபடியும் சொல்வேன்.

இனி நம் பினாங்குக்கு வருவோம். ஒரு காலத்தில் இந்த ஊரில் சாதாரண மக்களைத் தேடி வந்து கதவைத் தட்டினார்கள், ஏனென்றால் ஓட்டு இருந்தது. 1951 டிசம்பரில் ஜோர்ஜ்டவுன் நகராண்மைக் கழகத்தின் ஒன்பது இடங்களுக்குத் தேர்தல் நடந்தது. நாடு சுதந்திரம் பெறுவதற்கு ஆறு ஆண்டுகள் முன்பு! 1957 ஜனவரி முதல் நாள் ஜோர்ஜ்டவுன் மாநகரானது. அதன் முதல் மேயர் டி.எஸ். ராமநாதன். தொழிற்கட்சிக்காரர், ஆசிரியர் தொழிலில் இருந்து வந்தவர். 1961 வரை பதவியில் இருந்தார். இன்றும் பினாங்கில் அவர் பெயரில் ஒரு சாலை உண்டு. அந்தச் சாலையில் தினமும் போய்வரும் நம் இளைஞர்களில் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரியும் என்று இந்த அரங்கில் கையைத் தூக்கச் சொன்னால் எனக்குத்தான் வருத்தம், வேண்டாம்.

1965இல், இந்தோனேசியாவுடன் மோதல் நடந்த நேரத்தில், ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அதே ஆண்டு, ஊராட்சி முறையை ஆராய ஓர் அரச ஆணையம் அமைந்தது. அதன் தலைவரும் ஒரு தமிழர்தான், செனட்டர் ஆதி நாகப்பன். ஆணையம் 1968இல் அறிக்கை கொடுத்தது. தேர்தல் தொடர வேண்டும் என்பது அதன் பரிந்துரை. நடந்தது வேறு. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. 2012இல் பினாங்கு சட்டமன்றம் தேர்தலை மீண்டும் கொண்டுவர ஒரு சட்டம் இயற்றியது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

ஆக, மன்ற உறுப்பினர்கள் நியமிக்கப்படுகிறார்கள். யாரை நியமிக்கலாம்? சட்டத்தின் பத்தாவது பிரிவைப் படித்துப் பாருங்கள். ஊராட்சி விவகாரத்தில் பரந்த அனுபவம் உள்ளவர், நிபுணத்துவத் தொழிலிலோ வாணிபத்திலோ தொழில்துறையிலோ சிறப்புப் பெற்றவர், அல்லது வேறு வகையில் தம் சமூகத்தின் நலனைப் பிரதிநிதிக்கக்கூடியவர். வழக்கறிஞரும் முதலாளியும் நேர் வாசல் வழியாக நுழைகிறார்கள். லோரி ஓட்டுநர் மாமா நுழைய வேண்டுமானால் அந்தக் கடைசி 'அல்லது'தான் வாசல். வாசல் இல்லை என்று சொல்லமாட்டேன். யாராவது ஒருவர் அவரைக் கைகாட்டினால்தானே திறக்கும்?

வாசல் யாருக்குத் தெரிகிறது என்பதில்தான் பெரிய காரியங்களும் முடிவாகின்றன. 1990இல் பினாங்கு மலையில் பெரிய மேம்பாட்டுத் திட்டம் ஒன்று வந்தது. பயனீட்டாளர் சங்கமும், இயற்கை ஆர்வலர்களும், 'பினாங்கு மலை நண்பர்கள்' குழுவும் அறிக்கைகளைப் படித்தார்கள், பதில் எழுதினார்கள், கையெழுத்துத் திரட்டினார்கள். 1991இல் திட்டம் நின்றது. மலை பிழைத்தது, அந்தக் காற்றை நாம் எல்லோரும்தான் சுவாசிக்கிறோம். நன்றி சொல்ல வேண்டும். தமிழகத்தில் பிறந்து, இங்கே வணிகராக இருந்து, 2019இல் மறையும் வரை பயனீட்டாளர் சங்கத்தை வழிநடத்திய எஸ்.எம். முகமது இட்ரிஸ் போன்றவர்கள் நமக்கு வாய்த்தது பெரும் பேறு.

குளுகோரில் கம்போங் புவா பாலா என்று ஒரு கம்பம் இருந்தது. மாடு, ஆடு வளர்த்த நம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தன. நிலம் கைமாறியது. விஷயம் பெரிதாகி, ஊர்வலம், மனு, நாளிதழ்ச் செய்தி என்று எல்லாரும் வந்து சேர்ந்தபோது கடிதம் எழுதும் கட்டம் கடந்துவிட்டது. வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. 2009 செப்டம்பரில் வீடுகளை இடித்தார்கள். யார் மேல் குற்றம் என்ற பட்டிமன்றத்தை இங்கே நடத்த எனக்கு விருப்பமில்லை. அது நிறையவே நடந்துவிட்டது. நான் கவனித்தது ஒன்றுதான். மலைக்காகப் போராடியவர்களுக்குத் திட்டம் தாளில் இருக்கும்போதே தெரிந்தது. கம்பத்து மக்களுக்கு எல்லாம் முடிந்த பிறகு தெரிந்தது.

அதற்கு முன்பே, 2007 நவம்பர் 25ஆம் நாள், கோலாலம்பூரில் ஆயிரக்கணக்கில் நம் மக்கள் வீதிக்கு வந்தார்களே, அவர்களில் எத்தனை பேர் ஒரு சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து பேசியிருப்பார்கள்? என் படிவத்தில் அவர்கள் எல்லோருக்கும் 'இல்லை'தான் விழுந்திருக்கும்.

எங்கள் கட்டடத்துக் கதை பாதியில் நிற்கிறது, முடித்துவிடுகிறேன்.

தீர்மானம் நிறைவேறிய செய்தி தெரிந்ததும் நான் மாமாவிடம் போனேன். "மாமா, பந்தலுக்கு நாற்பது பேரைச் சேர்க்கிறீர்களே, கூட்டத்திற்குச் சேர்க்க முடியாதா?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சேர்க்கிறது பெரிசில்லம்மா. அங்க போய் என்ன பேசறதுன்னு தெரியாம உட்கார்ந்திருந்தா அசிங்கமில்லையா?" என்றார். அவ்வளவு பெரிய மனிதருக்கு அப்படி ஒரு பயம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. "நான் ஆளைக் கூட்டிட்டு வரேன், நீ எழுது" என்று ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம்.

சிறப்புக் கூட்டம் கேட்டு விண்ணப்பம் எழுதினேன். மலாய், தமிழ், சீனம் மூன்றிலும் அறிவிப்பு, கூட்டம் ஞாயிறு காலை பத்து மணிக்கு என்று கேட்டோம். சீன மொழியில் எழுதித் தந்தவர் ஐந்தாவது மாடியில் தையல் வேலை செய்யும் ஆன்ட்டி. அவருக்கும் அந்த இடம் தேவை, அவர்கள் வீட்டுத் துக்கமும் அங்கேதான். மாமா ஓர் அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு வீடு வீடாக ஏறினார். படித்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள், படிக்க முடியாதவர்களுக்கு அவரே சொன்னார். ஜப்பான் அட்டையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தண்ணீர்ப்பந்தல் சந்தாவுக்கு அவர் எப்போதும் அப்படித்தான் போவார். வேலைக்குப் போக வேண்டியவர்களிடம், பதிலாள் நியமிக்கும் பாரத்தை நிரப்பி வாங்கிக்கொண்டோம். சட்டத்தில் அதற்கும் இடமிருக்கிறது, யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பதிலாட்களையும் சேர்த்து எழுபத்தொரு பேர். கட்டணம் பாக்கி இருந்ததால் வாக்கு இல்லாதவர்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். அவர்களைப் பேசவிடலாமா என்று ஒருவர் ஆட்சேபம் சொன்னார். சட்டம் தடுப்பது வாக்கை என்று நான் பதில் சொன்னேன். ஓர் அம்மா எழுந்தார். கணவரின் காரியத்தை அந்த இடத்தில் செய்தவர். நான்கு வாக்கியம்தான் பேசினார், மலாயில், தடுமாறித் தடுமாறி. அதற்குப் பிறகு அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை.

முழு வெற்றி என்று சொல்லமாட்டேன். கார் வைத்திருப்பவர்களுக்கும் நியாயம் இருக்கிறது, இரவில் அவர்கள் சாலையோரம் நிறுத்தி அபராதம் கட்டுகிறார்கள். இடத்தில் ஒரு பகுதிக்குக் கோடு போட்டார்கள், மீதி அப்படியே இருக்கிறது. மாமாவை நிர்வாகக் குழுவுக்கு முன்மொழிந்தோம், மறுத்துவிட்டார். "மினிட் எழுத வராதும்மா" என்றார். அடுத்த ஆண்டு மறுபடியும் கேட்கலாம் என்று இருக்கிறேன்.

போன மாதம் அங்கே ஒரு பதினாறாம் நாள் காரியம் நடந்தது. இரண்டு கார்களை நகர்த்தச் சொல்ல வேண்டியிருந்தது, நகர்த்தினார்கள்.